ஓடுகிற காரை எதற்குக் காட்ட வேண்டும்?

பாலக்கோட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். 2017-இல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார், வாரண்டி முடிந்து பல வருடம் ஆகிவிட்டது, ஆண்டுக்கு ஐந்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது. ஆனால் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் எட்டாயிரம், பத்தாயிரம் என்று பில் வருகிறது. ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிற வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிக் காசு கொடுக்க வேண்டுமா, ஏதாவது கெட்டால் அப்போது பார்த்துக்கொண்டால் போதாதா என்று கேட்கிறீர்கள். அடுத்த மாதம் பையனுக்கு மொட்டை போட பழனிக்குப் போவதற்கு முன் காட்டலாமா என்பதையும் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்வதற்குக் காசு கொடுப்பது தகுமா என்பது ஒன்று. அந்தப் பத்தாயிரம் ரூபாய் பில்லில் இருப்பதெல்லாம் தகுமா என்பது இன்னொன்று. முதலாவது கண்டிப்பாகத் தகும். இரண்டாவதில் பாதிக்கு மேல் உங்களுக்குத் தேவையில்லாததாக இருக்கும்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்து, சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்து, பிறகு தர்மபுரியில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்தவன். செக்கப்புக்கு வண்டி வந்தால் எனக்கு வருமானம் உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டே நான் சொல்வதை எடைபோடுங்கள். உங்கள் காரை நான் பார்க்கவில்லை, ஆகவே அதில் என்ன மாற்ற வேண்டும் என்று இங்கிருந்தே சொல்ல முடியாது. மின்சாரக் கார்களில் எனக்குக் கை பழகவில்லை. பெட்ரோல், டீசல் கார்களைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

காரில் கெட்டுப்போகிறவை இரண்டு விதம். சில, கெடுவதற்கு முன் சத்தம் போடும், உதறும், கருகல் வாடை வரும், டேஷ்போர்டில் விளக்கு எரியும். ஓட்டுகிறவருக்குத் தெரிந்தே தீரும். வேறு சில, கடைசி நிமிடம் வரை நன்றாக இருந்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் கைவிடும். கெட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொல்வது முதல் வகைக்கு முற்றிலும் சரி. இரண்டாம் வகைக்கு அது செல்லாது, ஏனென்றால் அங்கே கெட்டது தெரியவரும் இடம் ஒர்க்‌ஷாப் இல்லை, நடுச்சாலை. அந்த இரண்டாம் வகையில் நான் வைப்பவை பிரேக் ஆயில், கூலன்ட், டயர், அடிப்பக்கத்து ரப்பர் உறையும் (பூட் என்பார்கள்) முன்சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்ட்டும். ஆண்டுக்கு ஒருமுறை செக்கப் என்று நான் வற்புறுத்துவது பெரும்பாலும் இவற்றுக்காகத்தான்.

பிரேக் ஆயிலை முதலில் சொல்கிறேன், நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதுதான் முதலில் வர வேண்டியது. அதற்குக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. டப்பா மூடி வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். வண்டி ஓடினாலும் சேரும், வீட்டு வாசலில் நின்றாலும் சேரும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தரவகைகள். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், டாட் 4 என்றால் 230. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில், இருக்க வேண்டிய குறைந்தபட்சம் முறையே 140, 155 டிகிரிதான். பாலக்கோட்டுக் கடைவீதியில் ஓட்டும்போது இந்த வித்தியாசம் உங்கள் காலுக்குத் தெரியவே தெரியாது. பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி நிற்கும்.

இப்போது தொப்பூர் கணவாயை நினைத்துப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை 44-இல் தர்மபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம் முழுக்க இறக்கம். இரட்டைப் பாலம் பக்கத்தில் நடந்த விபத்துச் செய்திகளை நாம் எல்லோரும் ஆண்டுதோறும் படிக்கிறோம். குடும்பமும் மூட்டை முடிச்சும் ஏறிய காரில் இறக்கம் முழுவதும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே வந்தால் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தகடு சில நூறு டிகிரிக்குச் சூடாகும். அந்தச் சூடு, டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பேட் வழியாக, பேட்டை அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் ஆயிலுக்குப் போகும். ஈரம் ஏறிய ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் விடும். திரவத்தை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும். பெடல் தரை வரை போகும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். இதில் மோசமான விஷயம், தப்பித்து ஓரம்கட்டி ஆறவிட்டால் பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். அடுத்த நாள் மெக்கானிக்கிடம் காட்டினால் பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லி அனுப்புவார். கொதித்ததற்கான தடயம் வெளியில் எதுவும் இருக்காது. பெரும்பாலான கார்களின் கையேட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு முதல்முறை வருகிற பழைய கார்களில் பாதிக்கு மேல், வாங்கிய நாளில் ஊற்றிய ஆயிலே இருக்கிறது. ஆயிலும் கூலியுமாகச் சில நூறு ரூபாய், அதிகம் போனால் ஆயிரம் ஆகிற வேலை இது.

பிரேக் பற்றிப் பேசும்போது நியூட்ரலையும் சொல்லாமல் விட மனமில்லை. பெட்ரோல் மிச்சம் என்று நம்பி இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற பழக்கம் லாரிக்காரர்களிடம் மட்டும் இல்லை, கார்க்காரர்களிடமும் இருக்கிறது. இன்றைய இன்ஜெக்டர் வைத்த இன்ஜினில் அது மிச்சமே கிடையாது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும், அதனாலேயே வண்டியும் இழுத்துப் பிடிக்கப்படும். நியூட்ரலில் விட்டால் ஐட்லிங்கில் இன்ஜின் அணையாமல் ஓடவே பெட்ரோல் செலவாகும், இழுத்துப் பிடிப்பதும் போய்விடும், எல்லாச் சுமையும் பிரேக் மேல் விழும். சாவியைத் திருப்பி இன்ஜினையே அணைத்துவிட்டால் இன்னும் ஆபத்து. மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும், பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் உதவாது. தொப்பூரானாலும் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையானாலும் வத்தல்மலையானாலும் இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குங்கள். எந்தச் செக்கப்பும் இந்தப் பழக்கத்துக்கு ஈடாகாது.

அடுத்தது கூலன்ட், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். நம் பக்கத்தில் ரேடியேட்டர் டப்பாவில் அளவு குறைந்தால் கையில் கிடைத்த போர் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். அதிலிருக்கும் ஃப்ளூரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ரேடியேட்டரைக் கெடுப்பது ஃப்ளூரைடு இல்லை, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கெடுப்பது அந்தத் தண்ணீரில் கூடவே இருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள். சுடுதண்ணீர் போடுகிற பாத்திரத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு இன்ஜினுக்குள் சூடான குறுகிய வழிகளில் படியும். கூலன்ட் என்பது வெறும் பச்சைத் தண்ணீர் இல்லை. கொதிநிலையை உயர்த்தும் கிளைக்கால் என்ற வேதித் திரவமும், அலுமினியத்தை அரிக்காமல் காக்கும் வேதிப்பொருள்களும் அதில் இருக்கின்றன. தண்ணீர் ஊற்ற ஊற்ற இரண்டுமே நீர்த்துப்போகும். அவசரத்துக்கு ஊற்றலாம், தப்பில்லை. ஆனால் வீடு திரும்பியதும் முழுதாக வடித்துவிட்டு, கையேடு சொல்கிற கூலன்ட்டை ஊற்ற வேண்டும். கலக்கத் தண்ணீர் வேண்டியிருந்தால் டிஸ்டில்ட் வாட்டர்.

இதை ஏன் சொல்லாமல் கெடுகிற வகையில் வைத்தேன் என்றால், இப்போது வருகிற பல சின்ன கார்களில் சூடு காட்டும் முள் இல்லை, ஒரு சிவப்பு விளக்குதான் இருக்கிறது. அது எரிவதற்குள் வேண்டிய அளவு கெடுதல் நடந்திருக்கும். கூலன்ட் முழுவதும் ஒழுகிவிட்டால் சென்சார் திரவத்தில் மூழ்காமல் வெறும் ஆவியில் நிற்கும். அப்போது சரியான சூட்டைக் காட்டாமலே போகலாம். இன்ஜின் கொதித்தால் இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் போகும். ஹெட்டைக் கழற்றி, சமன்செய்து, கேஸ்கட் மாற்றிப் பூட்ட ஏறத்தாழ பதினைந்தாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரம் வரை ஆகும், அதோடு நின்றால் அதிர்ஷ்டம். அதற்குக் காரணமாக நான் பார்ப்பது பெரும்பாலும் ஒரு வெடித்த ஹோஸ் அல்லது துருவேறிய கிளிப். அது ஒழுகத் தொடங்கிய நாளிலேயே வெள்ளைத் தடம் விட்டிருக்கும், குனிந்து பார்த்தவருக்குத் தெரிந்திருக்கும்.

டயருக்கு வருகிறேன். சட்டப்படி காரின் டயரில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடு) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சின்ன மேடு இருக்கும், தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் மாற்ற வேண்டும். இது நீங்களே பார்க்கக் கூடியது. ஆனால் உங்களைப் போலக் குறைவாக ஓட்டுகிறவர்களுக்குப் பட்டன் தேய்வதற்கு முன் ரப்பர் கிழமாகிவிடும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 1417 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்தது. வாங்கும்போது வந்த டயரே இன்னும் ஓடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் விவரம் தெரிந்தவரிடம் காட்டு, பத்தாண்டுக்கு மேல் ஓட்டாதே என்று டயர் நிறுவனங்களே சொல்கின்றன. பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பக்கச்சுவரில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்தால் நெடுஞ்சாலைக்கு அதை எடுத்துப் போகாதீர்கள். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவரில் மடிந்து மடிந்து சூடாகும். மே மாத வெயிலில் முழுச் சுமையோடு வேகமாகப் போகும்போது வெடிப்பது இதனால்தான், காற்று அதிகமாக இருந்ததால் என்று பங்க்கில் சொல்வதைக் கேட்டுக் காற்றைக் குறைக்காதீர்கள். வண்டி ஓடிச் சூடான பிறகு அளவு கூடுதலாகத்தான் காட்டும். ஏறத்தாழ ஐந்தாறு டிகிரி சூட்டுக்கு ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) ஏறுவது இயல்பு. காலையில் ஓட்டுவதற்கு முன் பார்த்த அளவே அளவு. நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், மாதம் ஒருமுறை ஒழுங்காகக் காற்றுப் பிடிப்பவருக்கு அது தேவையில்லை.

வண்டியைத் தூக்கினால்தான் தெரிகிறவை அடிப்பக்கத்து ரப்பர் உறைகள். அச்சு முனையிலும் பால் ஜாயிண்ட்டிலும் கிரீஸைக் காப்பது ஒரு மெல்லிய ரப்பர் உறை. மண்பாதையும் கிரானைட் தூசியும் உள்ள நம் ஊரில் அது கிழிந்தால் கிரீஸ் வெளியே போய்ப் பொடி உள்ளே போகும். கிழிந்த அன்றே பார்த்தால் சில நூறு ரூபாய் பூட். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஜாயிண்ட்டே போய்ப் பல ஆயிரம். பால் ஜாயிண்ட் முற்றிலும் கழன்றால் முன்சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கடைசிக் கட்டத்தில் கடகட என்ற சத்தம் வரும்தான், ஆனால் நம் சாலைகளில் அந்தச் சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்பது கடினம்.

முன்னறிவிப்புத் தந்துவிட்டுக் கெடுகிறவற்றுக்கு அவசரப்பட வேண்டாம். கிளட்ச் வழுக்கினால் மேட்டில் தெரியும். ஏசி குளிரவில்லை என்றால் தெரியும். வைப்பர் கோடு போட்டால் தெரியும். முன் டிஸ்க் பேட் பலவற்றில் தேய்ந்ததும் கீச்சிடுகிற தகடு இருக்கிறது. ஆனால் மலிவுப் பேட்களில் அந்தத் தகடு இருக்காது, ஆகவே சக்கரம் கழற்றும்போது ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, மூன்று மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் மாற்றிவிடலாம். பேட்டரி மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சில நேரம் ஸ்டார்ட்டர் முனகி எச்சரிக்கும், சில நேரம் முதல் நாள் நன்றாக இருந்து மறுநாள் செத்துப்போகும். ஆனால் அது வீட்டு வாசலில் நிறுத்தும், கணவாயில் தள்ளாது. மூன்று நான்கு ஆண்டு கடந்திருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை, சுமை கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்ட் செய்தால் போதும்.

குறைவாகத்தான் ஓடுகிறது, அதனால் சர்வீஸ் தள்ளிப்போடலாம் என்ற உங்கள் கணக்கை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பெரும்பாலான கார்களுக்கு இன்ஜின் ஆயில் மாற்றம் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. அந்த ஓராண்டைச் சும்மா போடவில்லை. மண்டிக்குப் போய்வர, பள்ளிக்கூடத்தில் விட்டுவர என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிற காரில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரிதலில் உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் சேர்ந்தபடி இருக்கும், ஆவியாகி வெளியேற நேரம் கிடைக்காது. இப்படி ஐந்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஆயில், நெடுஞ்சாலையில் பத்தாயிரம் ஓடிய ஆயிலைவிட மோசமாக இருப்பதை நான் வடிக்கும்போதே பார்க்கிறேன். இன்னொன்று, மாந்தோப்புப் பக்கமோ களத்துமேட்டிலோ நாள்கணக்கில் நிற்கிற காரில் எலி ஏறி வயரைக் கடிக்கும். புகையிலை கட்டித் தொங்கவிடுவது எவ்வளவு காக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பார்ப்பது நிச்சயம் உதவும்.

இனி உங்கள் பில். சின்ன பெட்ரோல் காருக்கு மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில், ஃபில்டர், கூலி, செக்கப் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குப் பக்கத்தில் முடிய வேண்டும். எட்டும் பத்தும் ஆவதற்குக் காரணம் இன்ஜின் ஃப்ளஷ் (உள்ளே கழுவுவது), இன்ஜின் டிரெஸ்ஸிங் (வெளியே பளபளப்பாக்குவது), டீகார்பனைசிங் (கரிப் படிவு நீக்குவது), ஏசி ஸ்ப்ரே, ஒவ்வொரு முறையும் அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிசெய்வது), பாலிஷ் போன்ற வரிகள். கையேட்டில் இல்லாத எதையும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். சர்வீஸ் அட்வைசர்களில் பலர் நல்லவர்கள், ஆனால் அவர்களுக்கு மாத இலக்கு இருக்கிறது. கேட்காமல் போட்டால் போட்டதுதான். வண்டி ஒரு பக்கம் இழுக்காமல், டயர் ஒருபக்கமாகத் தேயாமல் இருந்தால் அலைன்மென்ட் வேண்டாம். நன்றாக ஓடுகிற காருக்கு டீகார்பனைசிங் பயன் தரும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் நான் பார்க்கவில்லை. ஏர் ஃபில்டர் விஷயத்தில் இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறையும் என்று பயமுறுத்துவார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் சோதித்தபோது, இன்ஜெக்டர் வைத்த பெட்ரோல் கார்களில் மைலேஜ் ஏறக்குறைய மாறவில்லை, இழுவைதான் குறைந்தது. வருகிற காற்றுக்குத் தக்கபடி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் பர்கூர், கிருஷ்ணகிரி கிரானைட் லாரிகள் போகிற சாலையில் ஓடுகிற கார் என்றால் கையேட்டுக் கெடுவுக்கு முன்பே ஃபில்டரை எடுத்துப் பார்க்க வேண்டும். அதை எடுத்துப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை, பெரும்பாலான கார்களில் இரண்டு கிளிப்பைத் தூக்கினால் வந்துவிடும்.

இப்படி ஆண்டுதோறும் பார்ப்பதால் விபத்து குறையுமா என்று யாராவது கேட்டால், இங்கே நான் நிதானமாகத்தான் பேச வேண்டும். நார்வேயில் 2,04,000 கார்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவை ஆண்டுதோறும், ஒரு பிரிவை ஒரே ஒருமுறை, மற்றதை ஒருமுறைகூடப் பார்க்காமல் விட்டு ஒப்பிட்டார்கள். 1992-இல் வெளியான அந்த ஆய்வில், பார்த்த கார்களின் நிலைமை மேம்பட்டது, ஆனால் விபத்து எண்ணிக்கையில் வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்காவில் 2005 முதல் 2007 வரை விபத்துகளை ஆராய்ந்தபோது, கடைசிக் காரணம் வண்டியின் கோளாறு என்று வந்தது 2 சதவீதத்தில்தான். பெரும்பாலானவற்றில் அது ஓட்டுநர் பக்கம் இருந்தது. நியூ ஜெர்சி 2010-இல் தனியார் கார்களுக்கான பாதுகாப்புச் சோதனையையே கைவிட்டது. ஆகவே செக்கப் செய்தால் விபத்து வராது என்று எந்த ஒர்க்‌ஷாப்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் அந்த 2 சதவீதத்துக்குள் டயர் 35 சதவீதம், பிரேக் 22 சதவீதம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நார்வேயின் சராசரிக் கார் வேறு, எட்டு ஆண்டைத் தாண்டி முழுக் குடும்பத்தோடு தொப்பூர் இறங்குகிற கார் வேறு. இது என் அனுபவத்தில் வந்த கருத்து, அந்த ஆய்வுகள் நிரூபித்தது இல்லை.

நம் நாட்டில் யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தப் போவதும் இல்லை. லாரிக்கும் டாக்சிக்கும் முதல் எட்டு ஆண்டு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சோதனை உண்டு. பிரிட்டனில் சொந்தக் காரையே மூன்று ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதனைக்குக் காட்ட வேண்டும். இங்கே சொந்தக் காரை 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் சோதித்துப் பார்க்கிறார்கள். அதுவரை உங்களிடம் கேட்பது புகைச் சான்றிதழ் மட்டும், அதில் பிரேக்கும் டயரும் வராது. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றும் நினைக்க வேண்டாம். தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் வழக்கமான பாலிசி ஏற்காது. கொதித்து ஹெட் போனால் உங்கள் கைக்காசுதான்.

வாரண்டி முடிந்துவிட்டதால் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. நல்ல உள்ளூர் மெக்கானிக் போதும், லிஃப்ட்டோ குழியோ இருக்க வேண்டும். ஸ்கேனர் மாட்டி எரர் எதுவும் இல்லை என்று சொல்வதைச் செக்கப் என்று ஏற்காதீர்கள். பிரேக் ஆயிலில் ஏறிய ஈரத்தையும் கிழிந்த ரப்பர் உறையையும் பார்க்க உங்கள் காரில் சென்சார் கிடையாது. நான்கு சக்கரத்தையும் கழற்றச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். பார்ப்பதற்குத் தனியாக ஐந்நூறோ ஆயிரமோ கூலி பேசிக் கொடுத்துவிடுங்கள்; பார்க்கக் கூலி தராவிட்டால் எதையாவது மாற்றித்தான் அவர் அந்தக் காசை எடுக்க வேண்டியிருக்கும். மாற்றிய பழைய பொருளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பில் தொலைந்தாலும் அது இருக்கும், விற்கும்போதும் உதவும். இவ்வளவு செய்தாலும் பெட்ரோல் பம்ப், சென்சார், உள்வயரிங் போன்றவை எந்தச் செக்கப்பிலும் சிக்காமல் திடீரென்று போகக் கூடும். அவை வண்டியை நிறுத்துமே தவிர, பெரும்பாலும் ஆளை ஆபத்தில் தள்ளாது.

பழனிப் பயணத்துக்கு முன் கட்டாயம் காட்டுங்கள், ஆனால் கிளம்புவதற்கு முதல் நாள் காட்டாதீர்கள். எல்லோரும் செய்வது அதுதான், அன்றைக்கு ஒன்று குறையாகத் தெரிந்தால் சாமான் சேலத்திலிருந்து வர நேரம் இருக்காது, இருப்பதை ஒட்டவைத்து அனுப்புவார்கள். பத்து நாள் முன்னதாக விடுங்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்பது நினைவில் இல்லை என்றால் மாற்றிவிடுங்கள். பேட் புதிதாகப் போட்டால் முதல் சில நூறு கிலோமீட்டர் அது டிஸ்க்கோடு படிய வேண்டும், அந்தத் தூரத்தைத் தர்மபுரி, காரிமங்கலம் என்று சுற்றுவட்டாரத்திலேயே ஓட்டி முடியுங்கள். கழற்றிப் பூட்டிய சக்கரங்களின் நட்டை ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி முடுக்கிப் பாருங்கள். புறப்படுகிற காலையில், ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் முழுச் சுமைக்கு எழுதியிருக்கும் அளவில் காற்றுப் பிடியுங்கள், ஸ்டெப்னிக்கும் சேர்த்து.